பலகையில் அப்பா பெயர்

பெட்டியைத் தூக்க ஆறு பேர் வேண்டும். நான்கு பேர்தான் இருந்தார்கள்: ஜொவிட்டாவின் தம்பி எரிக், கோயில் உபதேசியார், கீழ்வீட்டு வாட்ச்மேன், நாலாவதாக அமரர் ஊர்தி ஓட்டும் நாகராஜ்.

“இன்னாம்மா இது? பெரிய வாத்தியாருன்னாங்கோ. தூக்க ஆளே காணோம்?” என்றான் நாகராஜ்.

ஜொவிட்டா வண்டியின் பின்கதவைத் திறந்துவிட்டாள். அவள் அப்பா ஆரோக்கியநாதன் சாந்தோமில் ஓர் ஆசிரியர் சிக்கன நாணயச் சங்கத்துக்கு இருபத்திரண்டு வருடம் செயலாளர். முன்னூற்று நாற்பது உறுப்பினர்கள். யார் வீட்டுச் சாவு என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பவர். அவர் சாவுக்கு ஒருவரும் வரவில்லை. காரணம் தான்தான் என்று அவளுக்குத் தெரியும்.

ஒரு வருடமாகவே உறுப்பினர்களுக்குச் சந்தேகம். காப்பு நிதி எங்கே இருக்கிறது, அவசரத்துக்கு நம் பணம் வருமா என்று பொதுக்குழுவில் கத்தினார்கள். அப்பாவிடம் ஒரே பதில்தான். “என் பணம் ஆறு லட்சமும் இங்கதான் கெடக்கு. நான் எடுத்தேனா?” அதோடு வாயை மூடிக்கொள்வார்கள். அவர்கள் நம்பிக்கைக்காக அவரே ஒரு விதியும் போட்டார். லட்சத்துக்கு மேல் யார் கேட்டாலும் ஏழு நாள் பெயரைச் சங்கத்து வாசல் பலகையில் எழுதி வைத்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும்.

போன வாரம் அப்பாவின் இதய ஆபரேஷனுக்கு நாலு லட்சம் கட்டச் சொன்னார்கள்.

“சங்கத்துப் பணத்த எடுத்துடலாம்பா.”

“நான் எடுத்தா எல்லாரும் எடுப்பாங்க. ஒரே நாள்ல அத்தன பேரும் வந்தா காப்பு நிதி தாங்காதும்மா. வேணாம்.”

உயிரைவிடச் சங்கம் பெரிதா என்று அவளுக்கு ஆத்திரம். ஆஸ்பத்திரிப் படிவங்களுக்கு நடுவே சங்கத்துப் படிவத்தையும் செருகி நீட்டினாள். கண்ணாடிகூடப் போடாமல் கையெழுத்துப் போட்டார். பலகை அவள் நினைவுக்கே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவர்கள் பலகையில் செயலாளர் பெயரைப் பார்த்தார்கள். திங்கள் காலை பியாட்ரிஸ் டீச்சர் அப்பாவுக்கே போன் செய்தார். ஜொவிட்டா ஸ்பீக்கரில் போட்டாள்.

“சார், நீங்களே எடுத்துட்டா நாங்க எங்க போறது?”

அப்பா மகளைப் பார்த்தார்.  சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர் செவ்வாய் மதியம் அப்படியே போய்விட்டார். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் அவளுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

பெட்டியை ஏற்றிக்கொண்டு கல்லறைக்குக் கிளம்பிய வண்டி சங்கத்துத் தெருவில் திரும்பியதும் நின்றுவிட்டது. தெருவை அடைத்துக்கொண்டு வரிசை. எல்லோர் கையிலும் பாஸ்புக். வண்டியைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்கள்; இடத்தைவிட்டு ஒருவரும் நகரவில்லை. நடுவில் நின்ற பியாட்ரிஸ் டீச்சர் அழுதுகொண்டே பையிலிருந்து ரோஜா மாலையை எடுத்து முன்னால் நின்றவரிடம் கொடுத்தார். அவர் அடுத்தவரிடம் கொடுத்தார். கைமாறிக் கைமாறி மாலை வண்டிக்கு வந்தது. ஜொவிட்டா ஜன்னல் வழியே வாங்கிக்கொண்டாள்.

“அக்கா, அப்பா பாஸ்புக் எங்க?” என்றான் எரிக்.

“அடக்கம் முடியட்டும்டா.”

“அதுக்குள்ள காலியாயிடும். ஆஸ்பத்திரி பில்லு யாரு கட்டுறது?”

அவள் கைப்பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். எரிக் இறங்கி ஓடிப்போய் வரிசையின் கடைசியில் நின்றான்.

நாகராஜ் வண்டியைப் பின்னுக்கு எடுத்து வேறு தெருவில் விட்டான். தூக்க இனி மூன்று பேர்தான். ஜொவிட்டா பெட்டியின் பிடியில் கையை வைத்து லேசாகத் தூக்கிப் பார்த்தாள்.