முதல் இடத்துச் செங்கல்

தோவா அக்காவை எனக்கு ஆரம்பத்தில் பிடிக்கவே பிடிக்காது. அதை அவளிடமே பல முறை சொல்லியிருக்கிறேன். ஹனோயில் எல்லாமே ரேஷனில் கிடைத்த காலம் அது. அரிசிக் கடைத் தராசுக்குப் பின்னால் அவள் ராணி மாதிரி உட்கார்ந்திருப்பாள். நானோ டிராம் வண்டியில் டிக்கெட் கிழிப்பவள். விடியும்போதே வண்டியில் ஏற வேண்டியவள் எப்படி வரிசையில் நிற்பது? எல்லாரையும் போல நானும் ஒரு செங்கல்லில் 'மியென்' என்று பேரெழுதி, என் இடத்தில் வைத்துவிட்டுப் போவேன். செங்கல் இருந்தால் ஆள் இருக்கிற மாதிரி. வரிசை நகரும்போது பின்னால் நிற்கிறவர்கள் அதையும் முன்னால் நகர்த்தி வைப்பார்கள். ஊர் முழுக்க அப்படித்தான் நடந்தது.

ஒரு நாள் மூச்சு வாங்க ஓடி வந்து பார்த்தால், தோவா என் செங்கல்லைக் காலால் ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா பண்றீங்க? அது என் இடம்!"

"செங்கல்லு சோறு திங்குமா? அரிசி வேணும்னா ஆள் வந்து நிக்கணும்."

"அது செங்கல்லு இல்ல. அங்க ஆள் இருக்கு!"

"அப்படியா? எங்க, பேசச் சொல்லு பாப்போம்."

வரிசையே சிரித்தது. நான் கடைசியில் போய் நின்றேன்.

ரேஷன் போனது, டிராமும் போனது, நானும் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தேன். ஒரு நாள் பக்கத்து வீட்டு க்வே, "முட்டி பிடிச்சுப் போயிடும், எழுந்து வா" என்று என் கையைப் பிடித்துத் தியென் க்வாங் ஏரிக்கரைக்கு இழுத்துப் போனாள். அங்கே பத்துப் பன்னிரண்டு பெண்கள் கைகளை மெதுவாக மேலே தூக்கிக்கொண்டிருந்தார்கள். முன்னால் நின்று ஒருத்தி எண்ணிக்கொண்டிருந்தாள். கிலோக் கணக்கு சொன்ன அதே குரல்! எனக்குத் திரும்பிப் போய்விடலாம் என்றிருந்தது. அதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

"அடடே, செங்கல்லுக்காரி! இன்னைக்கு ஆளே வந்துட்டியா? வா, என் பின்னாடி நில்லு."

அன்றைக்கு நின்றவள்தான். அதன் பிறகு வேறு இடத்தில் நின்றதில்லை.

எங்கள் பயிற்சியில் மூச்சு வாங்கும் வேலை எதுவும் கிடையாது. உள்ளங்கைகளைச் சூடு வரத் தேய்ப்போம், காதைத் தேய்ப்போம், கையை உயர்த்தி நாணல் மாதிரி இப்படியும் அப்படியும் சாய்வோம். பேச்சுதான் அதிகம். கடைசியில் கரையோரமாக ஒருத்தி பின் ஒருத்தியாக நின்று, முன்னால் நிற்பவள் முதுகைப் பிடித்துவிட்டுத் தட்டிக்கொடுப்போம். பிறகு வரிசை முழுவதும் அப்படியே திரும்பும். இதுவரை தட்டியவளுக்கு இப்போது தட்டு விழும். தோவா அக்கா வரிசையின் முதல் ஆள். அதனால் அவள் முதுகு என் கைக்கு மட்டும்தான் தெரியும், என் முதுகு அவள் கைக்கு.

அந்தக் காலைகளை நினைத்தால் இப்போதும் மனசு இளகிவிடுகிறது. ஏழிலைப் பாலை பூத்து ஊரே தலைவலிக்கும் அளவுக்கு மணக்கும் இலையுதிர் காலத்தில் அவள் முதுகில் ஒரு மெல்லிய கம்பளிச் சட்டை. வாடைக்காற்று வந்து வாதுமை இலைகள் சிவந்து விழும்போது பஞ்சு வைத்துத் தைத்த கோட்டு. துணியே காயாத தூறல் மாதத்தில் அந்தக் கோட்டில் கொஞ்சம் பூஞ்சை வாடை. கோடையில் மெல்லிய ரவிக்கை, அதற்குள் வியர்த்துக் கிடக்கும் அகலமான, பிடிவாதமான முதுகு. இப்படியே எத்தனையோ வருஷம் ஓடியது.

அவள் போட்ட சட்டம் ஒன்று இருந்தது. ஏரிக்கரையில் நோய்ப் பேச்சு கூடாது. மீறிப் பேசினால் மறுநாள் எல்லாருக்கும் பாசிப்பருப்புப் போட்ட ஒட்டரிசிச் சோறு வாங்கித் தர வேண்டும். க்வே தன் முழங்காலைப் பற்றிப் பேசிப் பேசியே எங்களுக்குப் பல நாள் காலைச் சாப்பாடு போட்டிருக்கிறாள்.

ஒரு வருஷம் கடைசிக் குளிரும் வந்து போய்விட்டது. எல்லாரும் மெல்லிய ரவிக்கைக்கு மாறினோம். தோவா அக்கா மட்டும் பஞ்சுக் கோட்டைக் கழற்றவில்லை.

"என்னக்கா, உள்ள கோழியை அடை வச்சிருக்கீங்களா?" என்றாள் க்வே.

"குஞ்சு பொரிச்சா உனக்கும் ஒண்ணு தர்றேன், போடீ."

வரிசை திரும்பியது. என் முதுகில் அவள் கை விழுந்தது. முன்பெல்லாம் துணி துவைப்பது போல அடிப்பாள். இப்போது தூசி தட்டுவது போல இருந்தது.

"என்னக்கா, எடை குறையுதே? கடையிலதான் குறைச்சீங்க, இங்கயுமா?" என்றேன்.

எப்பேர்ப்பட்ட வாய் அது! பதிலுக்கு எண்ணிக்கையைத்தான் தொடர்ந்தது. எனக்கு எரிச்சலாகிவிட்டது. மறுநாள் என் முறை வந்தபோது வேண்டுமென்றே அழுத்திப் பிடித்தேன். பஞ்சு உள்ளே போனது, போய்க்கொண்டே இருந்தது, பிறகு நேராக எலும்பு தட்டுப்பட்டது. அந்த அகலமான முதுகைக் காணவில்லை. என் கை நின்றுவிட்டது.

"நிறுத்தாத," என்றாள் திரும்பாமலே, தாழ்ந்த குரலில். "பின்னாடி பாக்குறாங்க."

பயிற்சி முடிந்ததும் அவளை டீக்கடை முக்காலியில் உட்கார வைத்தேன்.

"சொல்லுங்கக்கா."

"எதைச் சொல்ல? சட்டம் தெரியுமில்ல?"

"சட்டம் கிடக்குது குப்பையில!"

"நான் போட்ட சட்டம்டீ. நானே மீறினா, நாளைக்கு ஆளாளுக்கு வயித்துக் கதை, குடல் கதைன்னு ஆரம்பிச்சுடுவீங்க."

அதற்கு மேல் அவளைக் கேட்க முடியாது. ஆனால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவளுக்குக் குணமாக வேண்டும் என்றுகூட அப்போது நான் வேண்டிக்கொள்ளவில்லை. நோயை அவள் தனியாகத் தூக்கிக்கொண்டு அலையக் கூடாது, வாய் திறந்து எங்களிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேண்டியிருந்தது. தினமும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எண்ணிக்கை மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

பிறகு ஒரு காலை அவள் கோட்டு இல்லாமல் வந்தாள். நீல ரவிக்கை, கொடியில் காயப்போட்டது போலத் தொங்கியது. கையில் ஒரு பை. அதிலிருந்து வாழையிலைப் பொட்டலங்களை எடுத்து ஒவ்வொருத்தியிடமும் கொடுத்தாள். சூடான ஒட்டரிசியும் வறுத்த வெங்காயமும் மணத்தன. இது யாருடைய அபராதம் என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

"ஏன் கையில வச்சுக்கிட்டு நிக்கிறீங்க? ஆறிடும், சாப்பிடுங்க. அபராதம் கட்டிட்டேன். இப்ப நான் பேசலாம்ல?"

"பேசுங்கக்கா," என்றேன்.

"வலிக்குதுடீ," என்றாள். "ரொம்ப வலிக்குது."

தராசுக்குப் பின்னால் இருந்த காலத்தில் யாருக்கும் முகம் கொடுத்துப் பேசாதவள். க்வே சோற்றை வாயில் வைத்துக்கொண்டே அழுதாள். நாங்கள் வரிசையாக நிற்கவில்லை, அவளைச் சுற்றி நின்றோம். அவள் முதுகில் அன்றைக்கு எல்லாருடைய கையும் இருந்தது.

கோடையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அன்று மாலையே, எங்கள் தெருவில் இடித்த வீட்டிலிருந்து ஒரு செங்கல்லை எடுத்து 'தோவா' என்று எழுதினேன். மறுநாள் ஏரிக்கரையில் வரிசையின் முதல் இடத்தில் வைத்தேன். பெருக்குகிறவர்கள் இரண்டு முறை தூக்கிப் போட்டார்கள். மறுபடி கொண்டுவந்து வைத்தேன். கட்டிலருகே உட்கார்ந்து இதைச் சொன்னபோது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என் இடத்துல செங்கல்லா? யாரும் உதைக்கலையா?"

"உதைச்சுப் பாக்கட்டும், காலை உடைக்கிறேன்."

"ஆள் வர நேரமாகும்டீ, செங்கல்லுக்காரி."

"மெதுவா வாங்கக்கா. அவசரமே இல்ல."

ஏழிலைப் பாலை பூத்து உதிர்வதற்குள் அவள் போய்விட்டாள்.

வரிசை திரும்பும்போது இப்போது என் முதுகைத் தட்ட யாரும் இல்லை. க்வே இடம் மாறிக்கொள்ளச் சொன்னாள். நான் மாட்டேன் என்றுவிட்டேன்.

இந்த வாரம் முதல் வாடைக்காற்று வந்துவிட்டது. எல்லாரும் பஞ்சுக் கோட்டுக்கு மாறியாயிற்று. இன்று காலை புதிதாக ஒரு பெண்மணி வந்தாள். நல்ல மாதிரிதான், எல்லாருக்கும் வணக்கம் சொன்னாள். முன்னால் இடம் காலியாக இருக்கிறதே என்று எனக்கு முன்னே போய் நின்று, செங்கல்லைக் கால் விரலால் லேசாக ஓரம் தள்ளினாள்.

நான் வாயைத் திறக்கக்கூட இல்லை. எனக்குப் பின்னால் வரிசை முழுவதும் ஒரே குரலில் கத்தியது.

"அங்க ஆள் இருக்கு!"