பெட்டிக்குள் ஓர் ஆள்

இக்னேசியஸ் மாஸ்டர் அந்தக் கிற்றார் அம்பிளிபயரை முச்சக்கர வண்டியில் கொண்டுவந்து இறக்கியபோது, அதற்கு என்ன வருத்தம் என்று சொல்ல வெட்கப்பட்டார். இரைகிறது என்றார். பிறகு, இரைச்சல் மட்டுமில்லை என்றார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, பாட்டுப் பயிற்சி நடக்கும்போது பெட்டிக்குள் இருந்து ஓர் ஆம்பிளை முணுமுணுக்கிறான், பாடுகிற பெண்களில் இரண்டு பேர் இனி வரமாட்டோம் என்று நிற்கிறார்கள் என்றார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் திருநாள் பூசை. அதற்குள் அந்த ஆளை எப்படியாவது வெளியே அனுப்பிவிட வேண்டும்.

நான் சிரிக்கவில்லை. எங்கள் ஊர் உப்புவெளியில் சவுண்ட் சாமான் திருத்துகிற ஒரே பெண் நான். எதைக் கேட்டாலும் டொக்டர் மாதிரி முகத்தை வைத்திருக்கப் பழகிவிட்டேன்.

இந்த மாதிரி அம்பிளிபயரின் மரப்பெட்டிக்குள் ஓர் இரும்புத் தட்டு இருக்கும். வேலை எல்லாம் அதில்தான். அதன் திறந்த பக்கத்தை மூடுகிற பலகையின் உட்புறத்தில் மெல்லிய அலுமினியத் தாள் ஒட்டியிருப்பார்கள். அந்தத் தாள் இரும்பின் விளிம்பை இறுக்கித் தொடவேண்டும். இரும்பு, நிலத்துக்குப் போகிற ஏர்த் வயரைத் தொடவேண்டும். தொட்டால் காற்றில் அலைகிற குரல் எதுவும் உள்ளே வராது. தொடாவிட்டால் அந்தத் தாளே ஏரியல் ஆகிவிடும்.

பெட்டியைக் கழற்றினால் உள்ளே எல்லாம் ஒரே நீலம். உப்புக்காற்றில் துருப்பிடிக்கக் கூடாதென்று பாடகர் குழுவில் யாரோ படகுக்குப் பூசுகிற பெயின்றை எடுத்து, இரும்பு விளிம்பு, ஏர்த் போல்ற், அதன் கீழ் வொஷர் என்று ஓர் இடம் விடாமல் இரண்டு தரம் பூசியிருந்தார்கள். கடற்கரை ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் புத்தி வராது. ஒன்றையொன்று தொடவேண்டியதெல்லாம் பெயின்றுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகக் கிடந்தன.

பெயின்றைச் சுரண்டுமுன் ஒருமுறை போட்டுப் பார்ப்போம் என்று சுவிச்சைத் தட்டினேன். மூன்று மணி இருக்கும். அந்த நேரத்தில் எங்கள் ஒழுங்கையில் வீடுகள் எல்லாம் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். வெயில் யன்னல் சீலைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. பெட்டி மெல்ல இரைந்தது. இரைச்சலுக்குள் தண்ணீருக்கடியில் நின்று பேசுவதைப் போல ஒரு குரல். ஏர்த் இல்லாத சாமானில் கை வைக்கக் கூடாது என்று எனக்குப் படிப்பித்தவர்கள் கண்டால் ஏசுவார்கள்; நான் அலுமினியத் தாளில் ஒரு விரலை வைத்தேன். குரல் தெளிந்து வந்தது.

அது என் அப்பா.

அப்பாவின் பெயர் குணரத்தினம். பக்கத்து ஊரான சல்லியில் இருக்கிறார். முதுகு போன பிறகு கடலுக்குப் போவதில்லை. என் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி, கரையில் மீனவர் சங்கக் கொட்டிலில் இருந்து, ஆழ்கடலில் நிற்கிற படகுகளோடு ரேடியோவில் கதைப்பதுதான் அவர் வேலை. நான் றிக்சனைக் கட்டிய நாளில் இருந்து, மூன்று வருடமாக, என்னோடு கதைப்பதில்லை. "கடலுக்குப் போறவனுக்குக் குடுக்கவோ உன்னைப் படிப்பிச்சனான்?" என்றதுதான் கடைசிக் கதை. றிக்சன் வேதக்காரன், நாங்கள் சைவம் என்பது அதற்குப் பிறகு வந்த குறை. ஒவ்வொரு நாளும் மூன்று மணிக்குச் சற்று முன் சைக்கிளில் என் வாசலைக் கடந்து போவார், தலை திரும்பாது. மற்றப் பெண்கள் புருஷன்மாரின் சேதி கேட்கக் கொட்டிலுக்குப் போவார்கள். நான் போனதில்லை. நானும் அவர் பெற்ற பிள்ளைதானே.

படகுகள் தொலைவில் நின்றதால் அவர்கள் பேசுவது என் பெட்டிக்கு எட்டவில்லை. கரையில் இருந்து போகிற பாதிக் கதைதான் கேட்டது. காற்று எந்தப் பக்கம் என்று சொன்னார். ஐஸ் இன்னும் எத்தனை நாளைக்குக் காணும் என்று யாரையோ கேட்டார். பிறகு கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். அதற்குப் பிறகு, நான் கேட்டே இராத ஒரு மெதுவான குரலில், "றிக்சன் தம்பி" என்று கூப்பிட்டார்.

"கை எப்பிடித் தம்பி? வீக்கம் வத்தினதோ? ... ஓம். தூண்டில் தங்கூசி வெட்டினா அப்பிடித்தான். உப்புத்தண்ணி படவிடாதேங்கோ."

றிக்சன் கடலுக்குப் போய்ப் பன்னிரண்டு நாள். கையை வெட்டிக்கொண்டது எனக்குத் தெரியாது. விரல் தாளிலேயே கிடந்தது.

"இண்டைக்கு மஞ்சள் சட்டை. வாசல்ல நிண்டு பூக்கண்டுகளுக்குத் தண்ணி விட்டவள். கொஞ்சம் மெலிஞ்ச மாதிரிக் கிடக்கு. ஆனாச் சுகமாத்தான் இருக்கிறாள்."

குனிந்து என்னைப் பார்த்தேன். மஞ்சள் சட்டைதான்.

முதலில் வந்தது கோபம். மாமனும் மருமகனும் சேர்ந்து என்னை நன்றாக மடைச்சியாக்கியிருக்கிறார்கள். றிக்சன் வந்து இறங்கட்டும், நல்லாய்க் கேட்கிறேன் என்று நினைத்தேன். அப்படி நினைத்தபடியே அழுதேன்.

அடுத்த நாள் மாஸ்டருக்குப் பொய் சொன்னேன். தாள் கொழும்பில் இருந்து வரவேண்டும் என்றேன். வியாழக்கிழமை பச்சை உடுத்துக்கொண்டு வாசலில் நின்றேன். சைக்கிள் போனது. ஓடிப்போய் விரலை வைத்தேன். "இண்டைக்குப் பச்சை" என்று என் சேதி கடலுக்குப் போனது. அந்த மத்தியானங்கள் விழித்திருந்தே கண்ட கனவு மாதிரி இருந்தன. வேண்டுமென்றே துவைத்த துணிகளையே திரும்பத் துவைத்துக் காயப்போட்டேன். அதுவும் போனது. தலையில் பூ வைத்தேன். அதுவும் போனது. தலை திரும்பாத மனிதர் என் வீட்டில் ஒன்றையும் விடவில்லை. பெட்டியைத் திருத்தினால் அவர் போய்விடுவார் என்பதுதான் நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை றிக்சன் ஏதோ நீளமாகச் சொல்லியிருக்க வேண்டும். வெகுநேரம் இரைச்சல். பிறகு அப்பா சொன்னார்: "எனக்கு வெக்கமாக் கிடக்குத் தம்பி. மூண்டு வருசம் போட்டுது. இனி எந்த முகத்தோட போய்க் கதைக்கிறது? ஏலாது."

வந்தால் நான் கடித்தா விடப்போகிறேன் என்று பெட்டியைப் பார்த்துச் சொன்னேன். அதற்குக் கேட்காது.

சனிக்கிழமை விடிய எழும்பி வேலையைத் தொடங்கினேன். அப்பாவை ஒட்டுக்கேட்டுக்கொண்டு எத்தனை நாளைக்கு இருப்பது? அதோடு அந்தப் பெட்டி பூசைக்குரியது, எனக்குரியதல்ல. விளிம்பைச் சுற்றி நீலத்தைச் சுரண்டினேன். ஏர்த் போல்ற்றைக் கழற்றி வெள்ளி தெரியும்வரை தேய்த்தேன். பல்லுள்ள புது வொஷர் போட்டு முறுக்கினேன். புதுத் தாள் ஒட்டி, அதன் ஓரத்தை மடித்து, இரும்போடு அழுந்தும்படி பலகையை இறுக்கினேன். நல்ல வேலை.

இரண்டரைக்கு மாஸ்டர் வண்டியோடு வந்தார். வீட்டைப் பூட்டிவிட்டு நானும் கூடப் போனேன். பீடத்துக்குப் பக்கத்தில் வைத்துப் போட்டுப் பார்த்தோம். மூன்றேகால் வரை பார்த்துக்கொண்டே நின்றோம். ஒரு சத்தமும் இல்லை. ஓர் இரைச்சல்கூட இல்லை. மாஸ்டர் சந்தோஷத்தில், ஆள் போயிட்டார் பிள்ளை என்றார்.

அப்பா இப்போது கொட்டிலில் பேசிக்கொண்டிருக்கிறார், நான் இங்கே நிற்கிறேன். தேநீர் குடிக்கச் சொன்ன மாஸ்டரிடம் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. கரை மணலில் செருப்போடு நடக்க முடியவில்லை, கையில் எடுத்துக்கொண்டேன்.

கொட்டில் வாசலில் நின்றபோது அப்பாவின் முதுகுதான் தெரிந்தது. மூன்று வருடத்தில் அது நன்றாக வளைந்துவிட்டது. ரேடியோவின் கைபிடியை வாய்க்குக் கிட்டவைத்து, பட்டனை அழுத்தியபடி பேசிக்கொண்டிருந்தார்.

"வீடு பூட்டிக் கிடக்குத் தம்பி. ஆளைக் காணேல்ல. இங்க வந்திட்டு ஒருக்காத் திரும்பியும் போய்ப் பாத்தனான். மனசு ஒரு மாதிரிக் கிடக்கு..."

"அப்பா" என்றேன்.

திரும்பினார். பட்டனில் இருந்து விரலை எடுக்கவில்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை. அந்த நேரம் கடலில் நின்ற அத்தனை படகுக்கும் கேட்டிருக்கும்.

"எங்க போனனீ?" என்றார். ஏசுவதைப் போலத்தான் தொடங்கினார். முடிக்கும்போது குரல் அவரிடம் இருக்கவில்லை.

பட்டனில் அவர் விரல் தானாகத் தளர்ந்தது. ரேடியோ கரகரத்தது. இத்தனை நாளும் எனக்குக் கேட்காத மற்றப் பாதி, எங்கோ தொலைவில் இருந்து றிக்சனின் குரலில் வந்தது.

"மாமா, ஆர் அது? மாமா?"

அப்பா கைபிடியை என் பக்கம் நீட்டினார்.

"நீயே சொல்லு."