கல்லுக்குள்ளே

அந்த வண்டிச் சத்தம் கேட்டாலே விண்ணரசி கைவேலையைப் போட்டுவிட்டுச் சாலையைப் பார்ப்பாள். இத்தனைக்கும் அதை ஓட்டுவது வேறு யாருமல்ல, அவள் புருஷன் மதலைமுத்துதான்.

குடவாசல் போகிற தார்ச்சாலையில் பாதியை அடைத்து நெல்லைப் பரப்பியிருந்தாள். வேறென்ன செய்வது? ஈரம் போகவில்லையென்று கொள்முதல் நிலையத்தில் மூட்டையைத் திருப்பிவிட்டார்கள். சம்பா அறுவடை வந்தால் அந்தச் சாலைதான் ஊருக்கே களம். நெல்லைச் சுற்றித் தேங்காய் பருமனுக்குக் கற்களை வைத்துவிட்டால் பஸ்ஸும் ஒதுங்கும், லாரியும் ஒதுங்கும். நாலு வயது மகள் அனிட்டாவையும் அப்படித்தான் பழக்கியிருந்தாள்: "கல்லுக்குள்ளயே இருடி. வெளிய வந்தே, கால ஒடிச்சிப்புடுவேன்."

இந்த வண்டி மட்டும் ஒதுங்காது. மலையிலும் மணலிலும் ஏறுவதற்கென்றே செய்த ஜீப்பாம். ரைஸ்மில் முதலாளி பஞ்சநதம் வாங்கி வந்து, அதுவும் போதாதென்று டயரை இன்னும் பெரிதாக மாட்டினார். இந்தப் பக்கம் மலைக்கு எங்கே போவது? வரப்பைவிட உயரமாக ஒரு மேடு காட்டட்டும் பார்ப்போம்! போன வாரம் அடுத்த வயல்காரர் ஐயாவு வைத்த கல்மேலேயே ஏறி, அவர் நெல்லை நசுக்கிக்கொண்டு போனது. கிராமசபையில் ஐயாவு கத்தித் தீர்த்தார்.

"இந்த மாதிரி வண்டிய இந்த ரோட்டுல விடவே கூடாதுங்க. ஒரு உசுரு போனா யாரு பதில் சொல்றது?"

"நெல்லு காயப்போடவாய்யா ரோடு போட்டான்?" என்றார் பஞ்சநதம்.

விண்ணரசி கூட்டம் முடியுமுன்னே எழுந்து வந்துவிட்டாள். புருஷன் வேலை போய்விடும் என்கிற பயம். பஞ்சநதம் கேட்டதிலும் ஞாயம் இருக்கிறதே என்கிற உறுத்தல் வேறு. வீட்டுக்கு வந்து மதலைமுத்துவிடம் மட்டும் கேட்டாள், "அவ்ளோ ஒசரத்துல ஒக்காந்தா கீழ இருக்குறது தெரியுமாங்க?"

"போடி பைத்தியம். ஊரே தெரியும்" என்று சிரித்தான்.

இன்று மத்தியானம் முதலாளியை மில்லில் இறக்கிவிட்டு வந்தவன், அவள் நெல்லுக்கு முன்னால் வண்டியை நிறுத்தினான். எஞ்சினை அணைக்கவில்லை. "தண்ணி குடு விண்ணரசி" என்றான். பூவரச மரத்தடியில் இருந்த குடத்திலிருந்து சொம்பில் மொண்டுகொண்டு திரும்பினால், அனிட்டாவைக் காணோம். அதுவரை நெல்லில் விரலால் வாய்க்கால் வெட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். இப்போது வாய்க்கால் மட்டும்தான் இருந்தது. அது வளைந்து வளைந்து நேராக வண்டியின் மூக்குக்குக் கீழே போயிருந்தது.

"வெயிலு காயுது, நெழலுக்கு எடுக்குறேன் இரு" என்று மதலைமுத்து கியரைப் போட்டான். முன்சக்கரம் மூலைக்கல்லின்மேல் ஏறத் தொடங்கியது.

மாதாவே! எஞ்சின் சத்தத்தில் அவள் கத்தியது அவனுக்கு எட்டவில்லை. கையிலிருந்த சொம்பை அப்படியே வீசினாள். அது கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. வண்டி குலுங்கி நின்றது.

"ஏய், என்னடி பண்ற?" என்று கத்தியவன் அவள் முகத்தைப் பார்த்தான். குரல் மாறிவிட்டது. "புள்ள எங்க?"

கீழேயிருந்து, பம்பருக்கு அடியிலிருந்து, பதில் வந்தது.

"கல்லுக்குள்ளதாம்ப்பா இருக்கேன்."

விண்ணரசி ஓடிப்போய்ப் பிள்ளையை வாரி இழுத்தாள். மதலைமுத்து இறங்கி வந்து, நெல்லில் பாதியில் நின்ற வாய்க்காலைப் பார்த்தான். அப்படியே சாலையில் உட்கார்ந்துவிட்டான். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. வளைவு வரைக்கும் சாலையோரம் மஞ்சள் மஞ்சளாக நெல், ஒவ்வொரு பரப்பையும் சுற்றிக் கல். அதில் கடைசியில், யார் வீட்டுப் பிள்ளையோ, கல்லுக்குள் குனிந்து உட்கார்ந்து ஏதோ வெட்டிக்கொண்டிருந்தது.