ஏணியை விட்ட கை

விடியுமுன்பே வால்தம்ஸ்டோ தியேட்டரில் துப்புரவு மேற்பார்வையாளன் ஜெராட் முழங்காலில் நின்று, இருக்கைகளின் அடியில் ஒட்டியிருந்த சுவிங்கத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தான். பொப்கோர்னின் பழைய எண்ணெய் வாடை தலைமயிர்வரை ஏறியிருந்தது. பேருந்தில் அவன் உட்கார்ந்தால் பக்கத்துக் குழந்தைகளுக்குப் பசி எடுக்கும்.

அன்று காலை விசேட காட்சி. ஊமைப் படங்கள் பேசத் தொடங்கிய காலத்துக் குதிரைக்காரன் படம் ஒன்று. கடைசிச் சுருளில் மட்டும் நாயகன் பேசுவானாம். பழைய படம் சதுரமாக விழும். ஆகவே அகலத் திரையின் இரு ஓரத்தையும் கறுப்புத் துணியால் மூடவேண்டும். ஒரு துணி மேலே சிக்கிக்கொண்டது.

"ஏறு பெனிற்றா, நான் பிடிக்கிறன்," என்று தன்னோடு கூட்டித் துடைக்கும் பிள்ளையிடம் சொல்லிவிட்டு ஜெராட் ஏணியைப் பிடித்தான்.

அவள் உச்சிப் படியில் நின்றபோது, படம் ஓட்டும் மேலறையில் கடைசிச் சுருளை ஓட்டிப் பார்த்தார்கள். குதிரைக்காரன் வாய் திறந்தான். அந்தப் பெரிய மீசைக்குள்ளிருந்து ஆட்டுக்குட்டிக் குரல் வந்தது. ஜெராட் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

ஏணி சறுக்கியது.

முதலாளி சபாரத்தினம் ஓடிவந்தார். அண்ணை என்று கூப்பிடாவிட்டால் கோபிப்பார். அண்ணை என்று கூப்பிட்டுச் சம்பளம் கேட்டாலும் கோபிப்பார். பெனிற்றாவின் மணிக்கட்டு அதற்குள் வீங்கிவிட்டது.

"ஆஸ்பத்திரியிலை வீட்டிலை விழுந்ததெண்டு சொல்லு பிள்ளை. இல்லாட்டி இஞ்ச உனக்கு வேலை இல்லை. நீ தானாத்தானே ஏறினனீ? என்ன ஜெராட்?"

"ஓம் அண்ணை."

வாய் அவனைக் கேட்காமலே சொல்லிவிட்டது. பெனிற்றா அழவில்லை, அவனைப் பார்த்தாள். அடுத்த வரிசையைக் கூட்டப் போனவன், கூட்டிய இடத்தையே மறுபடி மறுபடி கூட்டினான். காது சுட்டது. குதிரைக்காரனாவது அந்தக் குரலில் ஏதோ நியாயம் பேசினான்.

தும்புத்தடியைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தான்.

"அண்ணை, ஏறச் சொன்னது நான். ஏணியை விட்டதும் நான். ஆஸ்பத்திரியிலை அதைத்தான் சொல்லப்போறன்."

"அப்ப நீயும் வீட்டை போ!"

அவர்களோடு துடைக்கும் டொலறஸ் தண்ணி வாளியை நடுவழியில் வைத்தாள். "ஜெராட் அண்ணை ஒரு விசரர், அது உண்மை. ஆனா ஏணி பிடிக்க கிருஷாந் இருந்தவன். அவனை வேலையாலை நிப்பாட்டினது ஆர்?"

"நாங்கள் ஒரு குடும்பம், டொலறஸ்..."

"ஓம். அதுதான் குடும்பமா ஆஸ்பத்திரிக்குப் போறம். பெனிற்றாவுக்கும் இவருக்கும் வேலை இருக்கெண்டு சொன்னால் திரும்பி வருவம்."

மேலறையில் படம் ஓட்டும் கீர்த்தனன் விளக்கை அணைத்துவிட்டு, மேற்சட்டையைப் போட்டபடி இறங்கி வந்தான்.

"ஷோ இருக்கு! சனம் வரப்போகுது!" சபாரத்தினத்தின் குரல் வெறும் கூடத்தில் மோதித் திரும்பியது.

வெளியே டாக்சி நின்றது. டொலறஸும் கீர்த்தனனும் ஏறினார்கள். ஜெராட் கதவருகே தயங்கினான். பெனிற்றா நல்ல கையால் தன் கைப்பையை மடிக்கு எடுத்து இடம் விட்டாள்.

"ஏறுங்கோ அண்ணை. மன்னிச்சிட்டனெண்டு மட்டும் நினைக்காதேங்கோ."

தலையைக் குனிந்துகொண்டு அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.