அழிக்கச் சொன்ன நகப்பூச்சு

என் கடையில் ரிமூவர் இல்லாமல் நெயில் பாலிஷ் விற்காது. மேலப்பாளையம் பஜாரில் பன்னிரண்டு வருசமாக ஃபேன்சி ஸ்டோர் நடத்துகிற கமர் நிஷா சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பெண்கள் மாதவிலக்கு வந்து தொழுகை இல்லாத நாட்களில்தான் நகத்துக்குப் பூசுவார்கள். பூச்சு இருந்தால், தொழுகைக்கு முன்னால் கை, முகம், கால் கழுவி ஒளு எடுக்கும்போது நகத்தில் தண்ணீர் படாது. ஒளு கூடாவிட்டால் தொழுகையும் கூடாது. அதனால் குளித்துத் தொழப் போகிற நாளில் அழித்தாக வேண்டும். ஒருத்தி வந்து சிவப்பு கேட்டால் அவளுக்கு அன்றைக்கு என்ன நாள் என்று எனக்குத் தெரியும். ரிமூவர் கேட்டால் நாளைக்குத் தொழப் போகிறாள். அவளும் சொல்ல மாட்டாள், நானும் கேட்க மாட்டேன். ஊர்ப் பெண்கள் விரலையெல்லாம் படித்த எனக்கு என் தங்கச்சி விரலைப் படிக்கத் தெரியாமல் போயிற்று.

தங்கச்சி அஸ்ஃபியா பாளையங்கோட்டையில் பி.ஏ. ஆங்கிலம் படித்தவள். சதாமைக் கட்டி இங்கிலாந்தில் லெஸ்டருக்குப் போய் இரண்டு வருசம் ஆகிறது. மாப்பிள்ளைக்குக் கிடங்கில் இரவு வேலை. வீட்டில் மாமியார் உண்டு. போன வருசம் எங்கள் தெருக்காரி மும்தாஜ் பேகம் அங்கிருந்து லீவில் வந்தபோது அவளிடம் ஒரு டப்பா கொடுத்துவிட்டிருந்தாள். உள்ளே ஒன்பது நெயில் பாலிஷ் குப்பி. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பேர். நம் ஊரில் என்றால் ரோஸ், மெரூன், ஒன்பதாம் நம்பர் என்று முடித்துவிடுவோம். இதுகளுக்கு வைத்திருந்த பேரைப் பார்த்து எனக்கு ஒரு இழவும் விளங்கவில்லை. போனில் கேட்டேன்.

"அது எல்லாம் இங்க உள்ள தெருப் பேச்சு லாத்தா" என்று சிரித்தாள். அவள் தெருமுனைக் கடையில் ஒரு வெள்ளைக்கார அம்மா இருக்கிறாளாம், அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாளாம். 'சஃப்ட்' என்றால் மனசு குளிர்ந்து போனவள். அது ரோஸ். 'காப்ஸ்மாக்ட்' என்றால் வாயில் ஒரு அறை விட்ட மாதிரி பேச்சு மூச்சில்லாமல் நிற்கிறவள். அது பளீர் என்ற ஆரஞ்சு. 'டிக்கெட்டி பூ' என்றால் எல்லாம் நல்லபடியா இருக்கு. "நம்ம நாட்டுப் பக்கத்துப் பேச்சைத்தான் வெள்ளைக்காரப் பட்டாளம் கொண்டுபோய் அப்படி ஆக்கிட்டுன்னும் சொல்லுவாங்களாம்" என்றாள். சாம்பல் நிறத்துக்கு 'நாக்கர்ட்'. அந்தக் காலத்தில் உழைத்து ஓய்ந்த குதிரையை அறுக்க வாங்கிப் போகிறவனுக்கு நாக்கர் என்று பேராம். அதில் இருந்து, ஓய்ந்து போனவளுக்கு அந்தப் பேர். கருஞ்சிவப்புக்கு 'கட்டட்'. மீனைக் கீறிக் குடலை உருவுவது போல மனசு விட்டுப் போய்விட்டால் அப்படிச் சொல்வார்களாம்.

"நகத்துக்குப் பூசுறதுக்கு இப்படியா பேர் வைப்பான், கிறுக்குப் பய" என்றேன். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவளுடைய போன் அப்போது அவள் கையில் இருந்தது.

இந்த வருசம் அது கீழே விழுந்து உடைந்தது. அதில் இருந்து வெள்ளிக்கிழமை மாமியார் போனில் வீடியோ வரும். நம் கடிகாரத்துக்கு மத்தியானம் மூன்றரை. ஸ்பீக்கரில்தான் பேச்சு. மாமியாரின் முக்காட்டு நுனி ஓரத்தில் தெரிந்துகொண்டே இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஸலாம் சொல்வதற்கு முன்னாலேயே அஸ்ஃபியா கையைத் தூக்கிக் காட்டினாள். பத்து விரலிலும் கருஞ்சிவப்பு.

"கட்டட் போட்டிருக்கேன் லாத்தா."

"அழகா இருக்குளா" என்றேன்.

அடுத்த வெள்ளியும் அதே நிறம். நுனியில் உதிர்ந்து, மேலே மறுபடி பூசியிருந்தது. "ஏளா, இன்னுமா அழிக்கலை" என்று கேட்டேன். மாமியார்தான் ஓரத்தில் இருந்து, "சின்னப் புள்ள, போட்டுட்டுப் போறா, விடுங்க" என்றார். உப்புக்குப் பெறாத விஷயத்துக்கெல்லாம் மருமகளைக் குறை சொல்கிறவர், தொழுகை விஷயத்தில் இப்படித் தாராளமாகப் பேசியது எனக்கு அன்றைக்கே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

மூன்றாவது வெள்ளி சாம்பல் நிறம். கையை அதேபோலத் தூக்கி, திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, "இது நாக்கர்ட்" என்றாள். முகம் வெளுத்திருந்தது. அங்கே குளிர், எல்லாரும்தான் வெளுப்பார்கள் என்று நினைத்தேன். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. உம்மா மௌத்தாகும்போது பதினொரு வயதுப் பிள்ளையாக என் கையில் விட்டுப்போனவள் இவள். தொழ வைத்து, ஓத வைத்து வளர்த்தது இதற்குத்தானா? "சீமைக்குப் போனதும் தொழுகை கசக்குதோ? பேர் பேரா பூசி எனக்கே காட்டுதியா? அழிளா முதல்ல" என்றேன். அவள் கையைக் கீழே இறக்கினாள்.

நாலாவது வெள்ளியும் சாம்பல். இந்த முறை நிறத்தின் பேரைக்கூடச் சொல்லவில்லை. கையை மட்டும் தூக்கிப் பிடித்தாள். "அழிச்சிட்டு வந்து எங்கிட்டப் பேசு" என்று சொல்லி நான் போனைக் கட் செய்தேன். நானேதான் கட் செய்தேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பக்கத்துத் தெரு மருமகள் ஒருத்தி கைப்பிள்ளையோடு கடைக்கு வந்தாள். "நாளையோட நாப்பது முடியுது, ரிமூவர் குடுங்க" என்றாள். சிரித்துக்கொண்டே விரலைக் காட்டினாள். "பெத்ததில இருந்து தொழுகை இல்லையே, நாப்பது நாளா நான் அழிக்கவே இல்ல."

குப்பியை எடுக்கப் போன என் கை அங்கேயே நின்றது. நாற்பது நாளும் அழிக்காதவள் ஒருத்தி என் முன்னால் நிற்கிறாள், அவளை நான் ஏசவில்லை. நாலு வெள்ளி. இருபத்தைந்து நாள். தொழுகையை விட்டவள் நகத்தை மறைப்பாளே ஒழிய, என் முகத்துக்கு நேரே எதற்கு நீட்டுவாள்? மாமியார் பக்கத்தில் இருக்கையில் வாயால் சொல்ல முடியாததை நகத்தால் சொல்லியிருக்கிறாள். ரத்தம் நிற்கவில்லை லாத்தா, நிற்கவில்லை என்று வாரா வாரம் சொல்லியிருக்கிறாள். யா அல்லாஹ், நான் அவளை அழி என்று ஏசினேன்.

கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு மும்தாஜ் பேகத்தின் உம்மா வீட்டுக்கு ஓடி, அவள் நம்பரை வாங்கினேன். அங்கே விடிந்து ஏழரை மணி. லெஸ்டரில் மும்தாஜ் வீடு அஸ்ஃபியா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான்.

"நீ ஒன்னும் கேக்காத. போய் அவள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. மாமியார் என்ன சொன்னாலும் நில்லாத" என்றேன்.

"என்னக்கா ஆச்சு?"

"நகத்தைப் பாரு. உனக்கே தெரியும்."

மும்தாஜும் எங்கள் ஊர்க்காரிதான். மேலே ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவள் போனபோது அஸ்ஃபியா குளியலறை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். இரண்டரை மாசக் கரு கலைந்திருக்கிறது. உண்டானதையே எங்களிடம் சொல்ல விடவில்லை. கலைந்ததையும் சொல்ல விடவில்லை. "முதப் பிள்ளை தங்கலைன்னு ஊருக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாவ, தானா நின்னுரும்" என்று மாமியார் கஷாயம் வைத்துக் கொடுத்திருக்கிறார். இரவெல்லாம் வேலை, பகலெல்லாம் தூக்கம் என்று இருந்த சதாம், உம்மாவுக்குத் தெரியாததா என்று இருந்துவிட்டான். அந்தக் குடும்பத்தை நான் சும்மா விடப் போவதில்லை, அது வேறு கதை. ஆனால் அந்த ஆள்கள் பிள்ளையை மறைத்தார்கள். நான் தங்கச்சி காட்டியதைப் பார்க்கவில்லை. இதில் யார் பெரிய பாவி என்று படைத்தவனுக்குத்தான் தெரியும்.

மூன்று பை ரத்தம் ஏற்றினார்கள். மயக்க ஊசி போட்டு வயிற்றைச் சுத்தம் செய்தார்கள். இங்கே மாலை அஸருக்குப் பாங்கு சொல்லி, பொழுது மறைந்து மஃரிபுக்கும் சொல்லிவிட்டார்கள். நான் தொழுகைப் பாயிலேயே போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முதலில் மும்தாஜ் ஒரு போட்டோ அனுப்பினாள். வெள்ளை விரிப்பில் அஸ்ஃபியாவின் கை. ஒரு விரலில் கிளிப் மாட்டியிருந்தது. உடம்பில் ரத்தம் ஓடுகிற லட்சணத்தை நகத்தின் நிறத்தை வைத்தும் பார்ப்பார்களாம், அதனால் ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு நர்ஸ் உட்கார்ந்து, பத்து விரலையும் பைய துடைத்து எடுத்திருக்கிறாள். அடியில் இருந்த நகங்கள் வெள்ளைத் தாள் போல இருந்தன.

பிறகு அவள் குரல் வந்தது. மும்தாஜின் போனில் இருந்து, ஸ்பீக்கர் இல்லாமல், என் காதுக்கு மட்டும்.

"லாத்தா, அழிச்சாச்சு" என்றாள். "இனி ஏசாதிய."