மேட்டை உருட்டியவள்

1

இரும்பு ஆலை ஒன்றைச் சுற்றிப் பார்க்கப் போயிருந்தேன். ஆய்வுக்கூடத்தில் ஒரு பெண், கோலிக்குண்டு அளவு ஈர உருண்டையை அரை மீட்டர் உயரத்திலிருந்து திரும்பத் திரும்பக் கீழே போட்டுக்கொண்டிருந்தாள். "உடையிற வரைக்கும் போடணும் சார்" என்றாள். என் கைக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மீதி என் கற்பனை.

2

முதலில் எழுதிய வரி: 'தாது மிக நுண்ணிய தூளாக இருந்தால் உலையின் மூச்சை அடைத்துவிடும், ஆகவே அதனை...' (பாடப்புத்தக வாடை. விட்டுவிட்டேன்.)

அண்ணியிடமிருந்து தொடங்குகிறேன். சுழலும் பெரிய தட்டில் தாதுத்தூளோடு கொஞ்சம் களிமண் சேர்த்து, தண்ணீர் விட்டு உருண்டையாக்குவது அவள் வேலை. அதைப் போட்டுப் பார்ப்பவள் அவளுடைய நாத்தனார். இருவரும் ஒரே வீடு. நடுவில் இருந்தவன், ஒருத்திக்குக் கணவன், மற்றவளுக்கு அண்ணன்; யாருக்கும் வேண்டாமல் குவித்துவைத்த தூள்மேடு சரிந்ததில், இரண்டு வருடம் முன்பு லாரியோடு புதைந்துபோனான்.

(அவனைக் கால்முறிவோடு தப்பவைத்தும் எழுதிப் பார்த்தேன். அந்தக் கதையில் அண்ணி வேலைக்கே வரவில்லை.)

3

அந்த மேட்டின் மாதிரித் தூளில் பிடித்த உருண்டை தேறினால் உலை ஏற்கும், மேடு கரையும். தேற, ஐந்து முறை விழுந்தும் உடையக்கூடாது. மூன்றாவதிலேயே உடைந்தது.

"அஞ்சுன்னு எழுதிடேன்" என்றாள் அண்ணி.

"எழுதினா உலையில தூளாயிடும் அண்ணி. அப்புறம் அந்த மேட்டை எவனும் தொடமாட்டான்."

"உனக்கென்ன, நம்பர்தானே."

"அவன் எனக்கு யாரு அண்ணி?"

அன்று இருவரும் வேறு வேறு பஸ்ஸில் வீடு திரும்பினார்கள்.

4

மறுநாள் நாத்தனாருக்கு விடுமுறை. இருந்தும் தட்டருகே வந்து நின்றாள். தூளை விரலிடுக்கில் தேய்த்தாள்.

"நறநறங்குது. இன்னொரு தடவை அரைக்கச் சொல்லுங்க. தண்ணியை ஊத்தாதீங்க, தூவுங்க."

அண்ணி குழாயைத் திருகித் தண்ணீரைக் குறைத்தாள். மூன்று நாள் இப்படியே போனது. (மூன்று வாரம் என்று திருத்தலாம். இந்த வேலை அவ்வளவு சீக்கிரம் படியாது.)

ஒருநாள் உருண்டை ஆறாவது முறையும் முழுசாகக் கிடந்தது.

"இன்னொரு தடவை போடவா?"

"வேணாம். விழுந்தது போதும்" என்று அண்ணி அதை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.

சுட்டெடுத்த உருண்டைகளை உலையும் ஏற்றுக்கொண்டது.

5

மேட்டில் பொக்லைன் முதல் கை அள்ளப்போகும் காலை. அண்ணி போய் நின்று பார்த்தாள் என்று ஒரு முடிவு எழுதினேன்; பொய்யாகப் பட்டது. போகவில்லை, தட்டருகிலேயே அந்த மண்ணுக்காகக் காத்திருந்தாள் என்று இன்னொன்று. அவளைத் தனியே விட்டுவந்ததுபோல் இருந்தது.

"அண்ணி, வர்றீங்களா?" என்று நாத்தனார் கேட்கும் இடத்தில் நிறுத்திக்கொள்கிறேன். என் காதில் விழும்படி அண்ணி பதில் சொல்லமாட்டாள். அவனை எழுதிப் புதைத்தது நான்தானே. நீங்கள் கேட்டுப் பாருங்கள்.