இன்னொருவர் படிக்க வேண்டும்

1

இந்தக் கதை எனக்கு மலேசியாவில், மெர்சிங் படகுத்துறையில் கிடைத்தது. ஆற்று முகத்தில் தண்ணீர் வற்றியதால் தீவுப் படகு கிளம்பவில்லை. டிக்கெட் கவுண்டரில் இருந்த பெண் கைப்பேசியில் ஒரே ஒரு சொல் தட்டினாள். பிறகு ஆளில்லாத பக்கமாகத் திரும்பிச் சிரித்தாள். அவ்வளவுதான் சரக்கு. மிச்சமெல்லாம் நான் வைத்த லாபம்.

(ஜொகூர் பாருவில் துணிக்கடைக் கல்லாவுக்குப் பின்னால் வளர்ந்தவன் நான். முதல் விலையும் முதல் வரியும் ஒன்றுதான். கேட்பவர் முகம் பார்த்து இறக்க வேண்டும்.)

2

முதல் தொடக்கம்: 'கடலும் அவளைப் போலவே தனிமையில்…' வேண்டாம். கடலில் எத்தனை படகு!

இரண்டாவது: அவள் பெயர் பேட்ரிசியா. இது நிற்கும்.

தண்ணீர் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் மென்பொருள் ஒன்றை அவள் பயன்படுத்தினாள். காசில்லை, எங்கெங்கோ இருப்பவர்கள் சும்மா எழுதி, சும்மா திருத்துவது. அதன் இணையதளத்தில், பயன்படுத்துகிறவர்களே எழுதும் கட்டுரைகளுக்கென்று ஒரு பகுதி உண்டு. மெர்சிங் ஆற்று முகத்தில் மணல் சேர்ந்தால் அந்தக் கணக்கு எப்படித் தப்புகிறது என்று அவள் தமிழில் எழுதி அனுப்பினாள். அங்கே தமிழில் எழுதிய முதல் ஆள் அவள். கடைசி ஆளும்.

விதி இது: எழுதியவர் அல்லாத, அந்த மொழி படிக்கத் தெரிந்த இன்னொருவர் படித்து ஒப்புதல் அழுத்தினால்தான் கட்டுரை வெளிவரும்.

தமிழ்ப் பகுதியில் இன்னொருவர் இல்லை.

3

அவளோடு பேசியது தளத்தின் தானியங்கி மட்டும். மாதம் தவறாமல் எழுதும்: 'இங்கே அசைவில்லை. பதில் வராவிட்டால் கட்டுரை மூடப்படும்.' அவள் 'இருக்கேன்' என்று தட்டுவாள். (நான் பார்த்த சொல் அதுதான் என்று வைத்துக்கொண்டேன். நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள், செலவில்லை.) ஒரு மாதம் 'நல்லாருக்கியா?' என்றும் சேர்த்தாள். 'உங்கள் பதிலுக்கு நன்றி' என்றது அது.

இன்று அது கறாராக இருந்தது: 'மாலைக்குள் ஒப்புதல் இல்லையென்றால் மூடப்படும். இனி நீட்டிப்பு இல்லை.'

4

படகில் கயிறு கட்டும் ஹேமநாதன் எட்டிப் பார்த்தான்.

"இன்னும் அந்தக் கட்டுரதானாக்கா? என் பேர்ல ஒரு அக்கவுண்ட் திறங்க. நான் அமுக்கி விடுறேன்."

"படிக்காமலா?"

"அலமாக்! நான் மலாய் ஸ்கூல்கா. தமிழ் எழுத்தெல்லாம் தூண்டி முள்ளு மாதிரி தெரியுது. பட்டன் என்ன பரீட்சையா வைக்கப் போவுது?"

"பட்டனுக்குத் தெரியாதுடா. எனக்குத் தெரியும்லா."

நானாக இருந்தால் அமுக்கச் சொல்லியிருப்பேன். அதனாலேயே இந்தப் பாத்திரத்தை வெகுநாள் நம்பவில்லை. வீடு தேடி வந்த வியாபாரத்தை ஒருத்தி எதற்காக

(வரியை முடிப்பதற்குள் அவள் படிக்கத் தொடங்கிவிட்டாள். அவனுக்காக, சத்தமாக.)

இரண்டாம் பத்தி முடிந்தபோது அவன் கயிற்றைக் கீழே போட்டான்.

"மணல் அங்க இல்லக்கா. மழக் காலத்துல வடக்கால ஒதுங்கும். நீங்க கவுண்டர்லயே ஒக்காந்திருந்தா எப்படித் தெரியும்?"

யாராவது ஒருவர் இப்படிக் குறை சொல்ல வேண்டுமென்றுதான் அவள் இத்தனை மாதம் காத்திருந்தாள். முகம் மலர்ந்து திருத்திக்கொண்டிருந்தபோதே தண்ணீர் ஏறிவிட்டது. படகோட்டி கத்தினார். ஹேமநாதன் ஓடினான்.

"மிச்சத்த வந்து கேக்குறேன்கா!"

படகு திரும்புவது நாளைக்கு.

5

முடிவு, ஒன்று: மாலையில் மூடப்படுகிறது. அவள் பதில் சொல்லத் தானியங்கிகூட இல்லை.

முடிவு, இரண்டு: அவளே வேறு பெயரில் கணக்குத் திறக்கிறாள். எழுதிப் பார்த்தேன். பெயர் கேட்கும் இடத்தில் அவள் விரல் நின்றுவிட்டது.

முடிவு, மூன்று: நானே அழுத்துகிறேன். தமிழ் தெரியும், கட்டுரையும் முழுக்கத் தெரியும். ஆனால் அதை எழுதியவனும் நான்தானே. அவளுடைய வேறு பெயர்தான் நான். விதி இடம் தராது.

படகு போன துறையில் அவள் இன்னும் கவுண்டரை அடைக்கவில்லை. வெயில் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. கைப்பேசியை வெளிப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறாள், எழுத்து உங்கள் கண்ணுக்கு நேராக.

நீங்கள் தமிழ் படிப்பவர். இதை எழுதியவர் இல்லை. கடைசி விலை சொல்கிறேன்: இரண்டு பத்தியை ஹேமநாதன் கேட்டுவிட்டான். நீங்கள் மூன்றாவதிலிருந்து படித்தால் போதும்.